பெரியப்பா, வாடகை வீடு, பெட்டிக்கடை

அக்கா கூப்பிட்டபோது காலை பத்தரை மணி. அந்த நேரத்தில் கூப்பிடுகிற ஆளே இல்லை அவள். தம்பி ஆபீசில் இருப்பான், தலைக்கு மேல் வேலை கிடக்கும் என்று ஞாயிற்றுக்கிழமை வரை பொறுத்திருந்து பேசுகிறவள். அதனால் முதல் மணியிலேயே போனை எடுத்தான்.

"அப்பா காலைல என்னைப் பாத்து, 'நீ யாரும்மா, இந்த வீட்டுல வேலை செய்யறியா'ன்னு கேட்டுட்டார்டா," என்றாள். அழவில்லை. அழுது முடித்துவிட்டுத்தான் கூப்பிடுகிறாள் என்று குரலிலேயே தெரிந்தது. "பதினோரு வருஷமா கூடவே இருக்கேன். என்னைத் தெரியல. ஆனா உன்னைத் தெரியுது. காப்பி குடிக்கும்போது 'சின்னவன் எப்ப வர்றான்'னு கேட்டார். டாக்டர் சொல்லிட்டாரு, ஒரு மாசமோ ஒன்றரை மாசமோ, அதுக்கப்புறம் யாரும் ஞாபகம் இருக்க மாட்டாங்களாம். உன் முகம் தெரியும்போதே ஒரு தடவை வந்துட்டுப் போடா."

"வர்றேன்க்கா. இந்த வாரமே வர்றேன்."

சொன்னபோது உண்மையாகத்தான் சொன்னான். போனை வைத்துவிட்டு நிமிர்ந்தால் எதிர்ச் சுவரில் கடிகாரம். இன்னும் மூன்றரை மணி நேரத்தில் வெளியீடு.

அந்த ஆபீசில் அவனுக்குச் சாவி என்று பட்டப்பெயர். முந்நூறு பல் ஆஸ்பத்திரிகளுக்கு நோயாளிகள் இணையத்திலேயே நேரம் குறித்துக்கொள்கிற வலைத்தளம் ஒன்றை நடத்துகிறார்கள். மேலே ஒரு அறை நிறைய ஆட்கள் உட்கார்ந்து புரோகிராம் எழுதுகிறார்கள், திருத்துகிறார்கள். எழுதியதைக் கொண்டுபோய் சர்வர்களில் ஏற்றினால்தான் அது ஊருக்குத் தெரியும். அந்த ஏற்றுகிற வேலைக்கு வெளியீடு என்று பெயர். பல் டாக்டர்கள் எல்லாம் சாப்பிடப் போகிற இரண்டு மணிக்கு, திங்கள் முதல் சனி வரை, தினம் ஒரு வெளியீடு. முப்பத்துநாலு படி. ஒவ்வொன்றையும் கையால் செய்ய வேண்டும். செய்யத் தெரிந்தவன் அந்தக் கட்டடத்திலேயே இவன் ஒருவன்தான்.

மற்றவர்களுக்கு ஏன் தெரியாது என்றால், அதற்கு ஒரு கதை இருக்கிறது. நாலு வருஷத்துக்கு முன்னால் இவன் காய்ச்சலில் படுத்துவிட்டான். இன்னொருவர் துணிந்து உட்கார்ந்தார். பத்தொன்பதாவது படியில் கைதவறிவிட்டது. வேர் சிகிச்சைக்கு நேரம் குறித்தவர்கள் எல்லாம் குழந்தைப் பல் டாக்டர்களின் வாசலில் போய் நின்றார்கள். மீசை வைத்த ஆசாமிகள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, யானைப் படம் போட்ட நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்களாம். இவன் காய்ச்சலோடு வந்து ஆறு மணி நேரத்தில் சரிசெய்தான். அன்றிலிருந்து அந்த மேசைப் பக்கம் ஒருவரும் தலைவைத்துப் படுப்பதில்லை. படிகளை எழுதி வைக்கச் சொன்னார்கள், எழுதினான். எழுதியதில் பாதி அவனுக்கு மட்டும்தான் புரியும். வேண்டுமென்று செய்தானா என்று கேட்டால் அவன் இல்லை என்றுதான் சொல்லுவான். ஆனால் காய்ச்சலில் ஓடிவந்த அந்த நாளை நினைத்தால் இன்றைக்கும் அவனுக்கு உச்சி குளிரும். அதையும் சொல்லத்தானே வேண்டும்.

இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று தேடிக்கொண்டு வெகுதூரம் போக வேண்டாம். அப்பா மின்நிலையத்தில் முப்பத்திரண்டு வருஷம் ஷிப்டுப் பொறுப்பாளர். "நான் போகலன்னா ஊரே இருட்டுல கிடக்கும்" என்று சொல்லிக்கொண்டே சட்டையை மாட்டுவார். அக்கா கல்யாணத்தில் தாலி கட்டி முடிந்த அரைமணி நேரத்தில் டூட்டிக்குப் போனவர். இவன் பட்டம் வாங்கிய அன்று வரவே இல்லை. இவனுக்கு அதில் ஒரு வருத்தமும் கிடையாது. பெரிய மனுஷன் என்றால் அப்படித்தான் இருப்பான் என்று சின்ன வயதிலேயே மனதில் எழுதிக்கொண்டுவிட்டான்.

அப்பா இருக்கும் ஊருக்குப் போக ஒரு முழு நாள், வர ஒரு முழு நாள். விடுமுறை ஞாயிறு ஒன்றுதான். ஊரில் உட்கார்ந்துகொண்டே வெளியீட்டைச் செய்யலாமே என்றால், பாதுகாப்பு அதிகாரி விடமாட்டார். ஆபீசுக்கு வெளியிலிருந்து சர்வரைத் தொடக்கூடாது என்று அவர்தான் சட்டம் போட்டவர். அவருக்குப் பூட்டு என்று பட்டப்பெயர். பூட்டும் சாவியும் எட்டு வருஷமாகப் பேசிக்கொள்வது குறைவு.

மேனேஜரிடம் போனான். விஷயத்தைச் சொன்னான். அவர் நல்ல மனுஷர்தான். கேட்டதும் எழுந்து வந்து தோளில் கை வைத்தார்.

"போயிட்டு வா. உன்னை யாரு பிடிச்சு வச்சிருக்கா?"

"வெளியீடு சார்."

"அதைத்தான் நானும் ரெண்டு வருஷமா சொல்றேன். எல்லா கம்பெனியிலயும் அதுக்குன்னு ஒரு டூல் இருக்கு, பட்டனை அமுக்கினா தானா ஏத்திக்குது. நீதான் இப்ப வேணாம், அப்புறம் பாக்கலாம்னு தள்ளிக்கிட்டே வந்தே. சரி, நீயே ஒண்ணைத் தேர்ந்தெடு. மாட்டு. நீ கை வைக்காம ஒரே ஒரு வெளியீடு ஒழுங்கா நடக்கட்டும், மறுநாளே கிளம்பு. ஒரு மாசம்கூட இருந்துட்டு வா."

"ஒரு வாரம் வெளியீட்டை நிறுத்தி வைக்க முடியாதா சார்?"

"இந்த மாசம் அறுபது ஆஸ்பத்திரி புதுசா சேருது. தினம் ஒரு திருத்தம் கேப்பாங்க. எப்படி நிறுத்துவேன், நீயே சொல்லு."

பத்து நாளில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டான். அக்காவிடமும் பத்து நாள் என்றான்.

மூன்று கருவிகளைப் பார்ப்பதென்று முடிவானது. அவற்றின் நிஜப் பெயர்கள் வாயில் நுழையாதவை. பக்கத்து மேசையில் உட்காரும் டெஸ்டர், புரோகிராமில் ஓட்டை கண்டுபிடிப்பதே வேலையாக உள்ள பெண்மணி, முதல் நாளே மூன்றுக்கும் பெயர் சூட்டிவிட்டாள். முதலாவது பெரியப்பா. பழையது, எல்லோரையும் தெரியும், எல்லா வேலையும் செய்யும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு துணையுறுப்பைக் கொண்டுவந்து மாட்டச் சொல்லும், மாட்டினால் அதற்கு இன்னொன்று கேட்கும். இரண்டாவது வாடகை வீடு. எல்லாம் சுத்தமாக, தயாராக இருக்கும். ஆனால் இடம் நம்முடையதில்லை, வேறொரு கம்பெனியின் கணினிகளில் ஓடும். மூன்றாவது பெட்டிக்கடை. சின்னது. நாலே நாலு காரியம்தான் செய்யும், கேட்டதும் எடுத்துக் கொடுக்கும்.

நான்காவது நாள் பெட்டிக்கடை ஓடிவிட்டது. சோதனை சர்வரில் முப்பத்துநாலு படியையும் அது கடகடவென்று ஏறி முடித்து, திரையில் பச்சை விளக்கைக் காட்டியது.

"அவ்வளவுதானே? கிளம்புங்க," என்றாள் டெஸ்டர். 

"இருங்க. அட்டவணையை முடிக்கணும்."

அட்டவணை என்பது மேனேஜர் கேட்டது. மூன்று கருவிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு கேள்விக்கும் மதிப்பெண் போடுவது. ஆறு கேள்விகளோடு ஆரம்பித்தான். இரண்டாவது வாரம் அது இருபத்திரண்டு ஆனது. மூன்றாவது வாரம் நாற்பத்தொன்று. எந்தக் கருவியில் குறை இருந்தாலும் அவனுக்கு மூக்கில் வேர்த்துவிடும். பெரியப்பாவுக்குத் துணையுறுப்பு மாட்டியே ஒன்பது நாள் போனது. வாடகை வீட்டைப் பற்றி எழுதியனுப்பியதுமே பூட்டு ஓடிவந்தார்.

"நம்ம ரகசியக் குறியீடு எல்லாத்தையும் எவன் வீட்டுலயோ கொண்டுபோய் வைக்கிறதா? நான் இருக்கறவரைக்கும் நடக்காது."

"அப்ப வாடகை வீடு வேணாம்னு எழுதிக் குடுங்க, தள்ளிடறேன்."

"வேணாம்னு நான் எப்படி எழுதுவேன்? ஆராயணும்."

அவர் ஆராயப் போனார். ஐந்து நாள் கழித்து, ஆராய்வதற்கு இன்னும் ஆறு நாள் வேண்டும் என்று கடிதம் வந்தது.

இதற்கு நடுவில் ஒரு மதியம் அக்கா வீடியோவில் கூப்பிட்டாள். சாப்பாட்டு அறையின் மூலையில் போய் நின்று எடுத்தான். அப்பாவின் முகம் திரை முழுக்க இருந்தது. போனை மூக்கருகே பிடித்திருந்தார். நன்றாகச் சவரம் செய்துவிட்டிருந்தாள் அக்கா.

"சின்னவனே!"

"அப்பா! எப்படி இருக்கீங்க?"

"எனக்கென்ன. எப்படா வர்றே?"

"வந்துக்கிட்டே இருக்கேன்பா. ஒரு வேலை, அதை முடிச்சுட்டா வந்துடுவேன்."

அப்பா யோசித்தார். புருவம் இரண்டும் சேர்ந்தன. "நீ வந்துட்டா அங்க யாருடா பாக்கறது?"

"யாரும் இல்லப்பா. அதான்."

"அப்ப விட்டுட்டு வராதே. பாதியில எழுந்து வரக்கூடாது." பழைய ஷிப்டுக் குரல் அப்படியே இருந்தது.

அக்கா போனைப் பிடுங்கினாள். "அவர் சொல்றதையெல்லாம் கேக்காதே. அவருக்கு என்ன தெரியும்? நீ கிளம்பி வா. வேலை போனா போகட்டும், வேற வேலை கிடைக்காதா உனக்கு?"

கிடைக்கும். அது அவனுக்கும் தெரியும். எழுந்து போயிருந்தால் யார் என்ன செய்திருக்க முடியும்? வேறு யாராவது கைவைத்து இரண்டு நாள் வலைத்தளம் படுத்திருக்கும், நாலு பல்வலிக்காரர்கள் திட்டியிருப்பார்கள், மேனேஜர் முகம் சுளித்திருப்பார். உலகம் ஒன்றும் முழுகிப் போயிருக்காது. ஆனால் அப்பாவே வராதே என்று சொல்லிவிட்டார் அல்லவா. அந்த ஒரு வார்த்தையைப் போர்த்திக்கொண்டு அவன் இன்னும் ஒரு வாரத்தை ஓட்டினான்.

அந்த வாரம்தான் அட்டவணை நாற்பத்தொன்றாவது கேள்வியில் போய் மாட்டிக்கொண்டது. திரும்பிப் போகும் வசதி. புதிய வெளியீடு சொதப்பிவிட்டால், முந்தைய நிலைக்கு அப்படியே திரும்பிப் போக வேண்டும். பெட்டிக்கடை ஒரு நிமிஷத்தில் பழைய புரோகிராமைக் கொண்டுவந்து வைத்துவிடும். ஆனால் இடைப்பட்ட நேரத்தில் மாறிய தகவல்கள் மாறியபடியே இருக்கும். அழிந்தது அழிந்ததுதான். பெரியப்பாவிடமும் அதே கதைதான், வாடகை வீட்டிலும் அதே கதைதான். அப்படி முழுசாகத் திரும்பிப் போகிற கருவி உலகத்திலேயே இல்லை என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அவனுக்கும் தெரியும். தெரிந்தும் சோதித்தான். பதினெட்டு முறை சோதனை சர்வரைக் கெடுத்து, பதினெட்டு முறை திரும்பிப் போக வைத்து, ஒவ்வொரு முறையும் என்ன வரவில்லை என்று பட்டியல் போட்டான்.

டெஸ்டர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். ஒருநாள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எட்டு வருஷத்துல நிஜமா எத்தனை தடவை திரும்பிப் போயிருக்கோம்?"

"மூணு."

"மூணு தடவைக்காக இத்தனை நாளா?"

அவன் பட்டியலில் அடுத்த வரியைத் தட்டினான்.

"ஓட்டை கண்டுபிடிக்கறது என் வேலை. நான் சொல்றேன், அந்தப் பெட்டிக்கடையில ஓட்டை இல்ல. நாலாவது நாளே ஓடிடுச்சு. நீங்க வேற எதையோ தேடறீங்க. அது எதுவா இருந்தாலும் அட்டவணைக்குள்ள கிடைக்காது. உங்க அப்பாவைப் போய்ப் பாருங்க."

கோபம் வந்தது அவனுக்கு. அவள் சொன்னது சரி என்பதால் வந்த கோபம். பட்டனை அமுக்கினால் தானாக நடக்கிற வேலையை எட்டு வருஷமாகத் தோளில் சுமந்தவன் என்றால், அவன் சுமந்ததுதான் என்ன? அந்தக் கேள்வியின் முகத்தில் முழிக்க அவனுக்குத் தைரியம் இல்லை. கோழை என்று சொன்னால் தப்பில்லை. ஆனால் மேசையில் குனிந்து பத்தொன்பதாவது முறையாகச் சோதனையைத் தொடங்கிய அந்த முதுகைப் பார்த்தவர்களுக்குத் திட்ட வாய் வந்திருக்காது.

ஐந்தாவது வாரம் செவ்வாய்க்கிழமை அவனே அக்காவைக் கூப்பிட்டான். அப்பாவிடம் கொடுக்கச் சொன்னான். அவள் கொடுக்கவில்லை.

"மூணு நாளா உன்னைக் கேக்கலடா."

"தூக்கமா?"

"இல்ல. நல்லாத்தான் இருக்கார், சாப்பிடறார். உன்னைக் கேக்கல, அவ்வளவுதான்." பிறகு, "இப்பவாவது வா," என்றாள். அதில் கோபம் இல்லை. அக்காவுக்குக் கோபம் தீர்ந்துபோய்விட்டது என்பதுதான் அவனை அடித்தது.

மேனேஜர் அறைக்கு ஓடினான். இன்றைக்கே முடிவெடுக்க வேண்டும் என்றான். எடுக்கலாம், ஆனால் பூட்டு கையெழுத்துப் போட வேண்டும். பூட்டு எங்கே? ஒரு வாரம் விடுப்பில் குடும்பத்தோடு ஊர்சுற்றப் போயிருந்தார். எட்டு வருஷத்தில் ஒரு முழு நாள்கூட விடுப்பு எடுக்காத சாவி, பூட்டு விடுப்பிலிருந்து திரும்புவதற்காக ஆறு நாள் காத்திருந்தான்.

திங்கட்கிழமை கூட்டம் நடந்தது. நாற்பத்தொரு கேள்வி கொண்ட அட்டவணையைச் சுவரில் பெரிதாகக் காட்டினார்கள். மேனேஜர் கடைசி வரியை மட்டும் பார்த்தார். பெட்டிக்கடை எல்லாவற்றிலும் முன்னால் இருந்தது.

"இதுதானே? இதையே போட்டுடலாம்," என்றார். பூட்டு தலையாட்டினார். பதினோரு நிமிஷத்தில் கூட்டம் முடிந்து, எல்லோரும் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு கலைந்தார்கள். நான்காவது நாள் ஓடிய அதே பெட்டிக்கடை. சுவரில் தெரிந்த அட்டவணையை அணைக்கக்கூட மறந்து அவன் கொஞ்ச நேரம் தனியாக உட்கார்ந்திருந்தான்.

புதன்கிழமை இரண்டு மணிக்கு டெஸ்டர் பட்டனை அமுக்கினாள். அவன் பின்னால் கைகட்டி நின்றான். அவனுக்கு ஒன்றேகால் மணி நேரம் பிடிக்கிற வேலை. பத்தொன்பதாவது படி வந்தபோது தன்னை அறியாமல் மூச்சைப் பிடித்தான்; அது அதற்குள் இருபத்தைந்தில் இருந்தது. நாலு நிமிஷத்தில் பச்சை விளக்கு எரிந்தது. யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மேல் அறையில் எவனோ எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தான்.

வியாழன் பகல் வண்டியில் கிளம்பினான். வெள்ளி மதியம் அக்கா வீட்டுக் கதவைத் தட்டும்போது ஒன்றே முக்கால். அக்கா கதவைத் திறந்து, அவன் முகத்தைப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் பையை வாங்கி நாற்காலி ஓரமாக வைத்தாள். நரை அவளுக்கு இவ்வளவு கூடியிருந்ததை வீடியோ காட்டியதே இல்லை.

அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து செய்தித்தாளை மடித்துக்கொண்டிருந்தார். ஒழுங்காக, மூலையோடு மூலை சேர்த்து மடித்தார். நிமிர்ந்தார். முகம் மலர்ந்தது. அந்த ஒரு கணம் அவனுக்கு உயிர் வந்தது.

"வாங்க வாங்க," என்று எழுந்திருக்கப் பார்த்தார். "உக்காருங்க. வெயில்ல வந்திருக்கீங்க. அம்மா, சாருக்குத் தண்ணி குடும்மா."

அவன் உட்கார்ந்தான்.

"அப்பா, நான்தான். சின்னவன்."

அப்பா அதை மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். விருந்தாளி ஏதோ சொல்கிறார், மறுப்பது அழகில்லை என்பதுபோல லேசாகத் தலையாட்டினார். பிறகு நாற்காலியை அவன் பக்கம் கொஞ்சம் நகர்த்திக்கொண்டு, பெருமையாகப் பேசத் தொடங்கினார்.

"எனக்கும் சின்னவன்னு ஒருத்தன் இருக்கான் சார். உங்க வயசுதான் இருக்கும். வெளியூர்ல பெரிய வேலை. வரலியே வரலியேன்னு என் பொண்ணு குறைப்படுவா. அவளுக்குப் புரியாது. அவன் ஒருநாள் எழுந்து வந்தா அங்க மொத்தமும் நின்னுடும். அவன் இல்லாம அங்க ஒண்ணும் நடக்காது சார். எவனுக்கும் தெரியாது அந்த வேலை. எப்படி வருவான், சொல்லுங்க?"

சமையலறை வாசலில் தண்ணீர் டம்ளரோடு அக்கா நின்றுவிட்டாள். அப்பா சோர்ந்துபோகும்போதெல்லாம் அவருக்குச் சமாதானமாக அவள் சொல்லிச் சொல்லிப் பதிய வைத்தது அது. எல்லாம் போன பிறகும் அது மட்டும் நின்றுவிட்டது.

அவன் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தான். மணி இரண்டு ஐந்து. வெளியீடு முடிந்தது, பிழை எதுவும் இல்லை என்று பெட்டிக்கடை எழுதியிருந்தது. எல்லோருக்கும் போகிற செய்தி, அவனுக்கும் வந்திருந்தது.

"ஆபீஸா?" என்றார் அப்பா.

"ஆமாங்க," என்றான். அப்பாவை அவன் அப்படி அழைத்ததே இல்லை.

அப்பா பரபரப்பானார். குனிந்து, நாற்காலி ஓரத்திலிருந்த அவன் பையைச் சிரமப்பட்டுத் தூக்கி, அவன் மடியில் வைத்தார்.

"அப்ப இங்க என்ன பண்றீங்க? போங்க சார், போங்க. அங்க உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருப்பாங்க."

பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவன் அப்படியே உட்கார்ந்திருந்தான். அப்பா கதவைக் காட்டிக்கொண்டே நின்றார்.